செல்போன் திரையும் கோவில் முற்றமும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, உன் கம்பெனி வேலையைப் பத்திப் பேசாதே. அது உனக்கும் உன் மேனேஜருக்கும்தான் புரியும். எல்லாருக்கும் பயன்படுகிற மாதிரி ஏதாவது சொல்லு" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். நான் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையைவிட, சம்பளம் இல்லாமல் செய்கிற ஒரு வேலையில்தான் இந்தக் கல்லூரியில் படித்த படிப்பு அதிகமாகப் பயன்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்ச் சபையில் உள்ளவர்கள், முக்கியமாகப் பெரியவர்கள், வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஆராதனையில் கலந்துகொள்ள உதவுவதுதான் அந்த வேலை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உங்களில் பலர் வேறு சமயத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் இங்கே மதப் பிரசங்கம் செய்ய வரவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சர்ச்சையும் 'கோவில்' என்றுதான் சொல்லுவோம். அந்த இடத்தில் நீங்கள் உங்கள் ஊர்க் கோவிலையோ பள்ளிவாசலையோ வைத்துக் கேளுங்கள். போன் எல்லோருக்கும் ஒரே போன்தான். பாட்டியும் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பாட்டிதான்.

முதலில் ஒரு சின்ன வரலாறு. ஆராதனையைக் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் வீட்டுக்கு அனுப்புவது ஏதோ நேற்று வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் 1921 ஜனவரி 2-ஆம் தேதி, அங்கிருந்த கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் ஞாயிறு ஆராதனையை நேரடியாக ஒலிபரப்பியது. அந்த நிலையம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆராதனைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று, வந்திருந்த ஒலிபரப்புத் தொழில்நுட்பக்காரர்களுக்குப் பாடகர் குழு அங்கியை மாட்டிவிட்டார்களாம். நம் தொழில்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டாம். நாம் இருப்பது தெரியக் கூடாது. நாம் செய்த வேலை மட்டும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் பி.பி.சி. 1924 ஜனவரி 6-ஆம் தேதி லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்திலிருந்து முதல் ஆராதனையை ஒலிபரப்பியது. வத்திக்கான் வானொலியை 1931-இல் நிறுவிக் கொடுத்தவர், நாம் பாடப் புத்தகத்தில் படித்த அதே மார்க்கோனி. ஆக, இந்த வேலைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. புதிதாக வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அன்று ஒரு நிலையம் செய்ததை இன்று ஒரு சிற்றூர்ச் சபையே செய்துகொள்ளலாம்.

எங்களுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. 25-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். கிறிஸ்தவர்களுக்கு வருஷத்திலேயே முக்கியமான வாரத்தில் கோவில் பூட்டிக் கிடந்தது. தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் பொதுவாகத் திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் பூட்டிய கோவிலுக்குள் ஐயரும், உபதேசியாரும், ஒரு ஆர்மோனியக்காரரும், போனைப் பிடித்துக்கொண்டு நானும்.

யார் கையில் என்ன போன்?

எந்த வேலையையும் அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கு என்று இங்கேதான் கற்றுக்கொண்டோம். நாங்களும் முதலில் சபைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்டோம். "உங்க வீட்ல என்ன போன் இருக்கு? அது யாருகிட்ட இருக்கு?" இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கும். ஆனால் அது பேரன் கையில் இருக்கும். பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு. பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் அந்தப் போன் கிடைக்குமா என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, குடும்பக் கேள்வி. அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டதில் மூன்று வகை தெரிந்தது. ஒன்று, சொந்தமாக ஸ்மார்ட் போன் வைத்து ஓரளவு பழகியவர்கள். இரண்டு, மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய நல்ல போன் இருக்கிறது, ஆனால் வீடியோ கால் வந்தால் பச்சையைத் தள்ளுவது தவிர வேறொன்றும் தெரியாதவர்கள். மூன்று, பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்கள். முதல் வகையை வைத்துத் திட்டம் போட்டால் வேலை சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எந்த வகைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கோவிலைத் தவிர வேறு போக்கிடம் இல்லையோ, அவர் பெரும்பாலும் மூன்றாம் வகையில் இருந்தார்.

பட்டன் போன்காரர்களுக்கு இரண்டு வழி செய்தோம். சாதாரண செல்போன் கான்ஃபரன்ஸ் காலில், கூப்பிடுகிறவரையும் சேர்த்து ஆறு பேர் வரை இருக்கலாம். ஆகவே ஸ்மார்ட் போன் உள்ள ஒரு வீடு, ஆராதனையைப் போட்டு, பக்கத்திலேயே இன்னொரு போனில் ஐந்து பேரைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கும். இப்படித் தெருவுக்கு ஒரு வீடு. இரண்டாவது வழி, உள்ளூர்க் கேபிள்காரர். ஆராதனையைப் பதிவு செய்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால், அவருடைய உள்ளூர்ச் சேனலில் மாலையில் போட்டுவிடுவார். அவர் எங்கள் சபைக்காரரும் இல்லை, காசும் வாங்கவில்லை. "எங்கம்மையும் இதே மாதிரி வீட்டுக்குள்ளதான் கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்கு

பொறியாளர்கள் கூடிய சபையில் கணக்கே போடாமல் இறங்கினால் நம் பேராசிரியர்கள் விடமாட்டார்கள். நல்ல வீடியோ ஒன்று நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி, 5400 மெகாபிட், எட்டால் வகுத்தால் 675 மெகாபைட். ஒன்றரை மணி நேர ஆராதனைக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி.

அந்த நாளில் பலரும் போட்டிருந்தது நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. திட்டம். பெரிய வெள்ளியன்று எங்களுக்கு மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு தியானம். மூன்று மணி நேரத்துக்கு 2 ஜி.பி.க்கு மேல் வேண்டும். 1.5 ஜி.பி. எத்தனை நேரத்தில் தீரும்? இரண்டு மணி பதின்மூன்று நிமிஷம். அதாவது ஐந்தாம் வார்த்தை முடிந்து ஆறாம் வார்த்தை தொடங்கியவுடன் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஏழாம் வார்த்தை வராது! இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்ததால், படத்தின் தரத்தைக் குறைத்து வைப்பது எப்படி என்று வியாழக்கிழமையே வீடு வீடாகப் போனில் சொல்லிக் கொடுத்தோம்.

ஒலி மட்டும் என்றால் நொடிக்கு 64 கிலோபிட் போதும். பேச்சும் பாட்டும் நன்றாகவே கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட்கூட ஆகாது. வீடியோவுக்கு ஆவதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே நெட்வொர்க் மோசமான இடத்தில் இருப்பவர்களுக்கு, ஆராதனை முடிந்ததும் பிரசங்கத்தை ஒலியாக மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

இன்னொரு உண்மை. மக்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். கெட்ட ஒலியைப் பொறுக்க மாட்டார்கள். எங்கள் கோவில் உயரமான கூரை. போனை நடுவில் வைத்துப் பிடித்தால் ஐயர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் கேட்கும். மைக் செட்டு மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் எடுத்துப் போனில் செருக வேண்டும். ஆனால் அங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. போனின் ஒலி உள்ளே போகிற வழிக்கு நான்கு முனைப் பின் வேண்டும். சாதாரண மூன்று முனைப் பின் போட்டால் ஒன்றும் நடக்காது. அடுத்து, மிக்ஸர் வெளியே தருவது ஏறத்தாழ ஒரு வோல்ட். போனின் மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். அப்படியே கொடுத்தால் கரகரவென்று உடையும். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் செய்த வோல்டேஜ் டிவைடர்தான்! தம்பிமார்களே, அந்தப் பரிசோதனையை நண்பன் நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். என்றைக்காவது ஒரு கோவிலுக்குத் தேவைப்படும்.

எதில் அனுப்புவது என்றும் கேட்பீர்கள். இலவச ஜூமில் கூட்டம் 40 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஐயர் பிரசங்கத்தை அதற்குள் முடிப்பதாக உறுதி தரவில்லை. அதோடு எல்லோரும் மைக்கைத் திறந்து சேர்ந்து பாடினால், ஒவ்வொரு வீட்டுக் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். அது கீர்த்தனை ஆகாது, சந்தைக் கடை ஆகும். ஆகவே ஆராதனைக்கு யூடியூப் நேரலைதான் சரி. செல்போனிலிருந்து நேரலை செய்ய அன்று யூடியூப் 1000 சந்தாதாரர்கள் கேட்டது. இப்போது 50 பேர் போதும். கணினி வழியாக அனுப்பினால் அந்த நிபந்தனை இல்லை. புதுச் சேனலுக்கு அனுமதி வர 24 மணி நேரம்வரை ஆகலாம் என்பதால் சனிக்கிழமை இரவில் தொடங்குகிற வேலை அல்ல இது.

பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது

இதெல்லாம் சுலபமான பாதி. கஷ்டமான பாதி இனிமேல்தான்.

முதல் விதி: போனை அவர்கள் கையிலிருந்து வாங்காதே. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? "குடுங்க பாட்டி" என்று பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, "இந்தாங்க, வந்துட்டு" என்று கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். பாட்டிக்குப் படம் வந்தது, பாடம் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அவள் பேரனுக்காகக் காத்திருக்க வேண்டும். போன் அவர்கள் கையில், விரல் அவர்களுடையது, நமது வேலை வாயால் சொல்வது மட்டும். நேரம் ஆகும். ஆகட்டும்.

இரண்டாவது: ஒரே ஒரு தட்டில் ஆராதனை வர வேண்டும். வாரா வாரம் புது லிங்க் அனுப்பி, அதை வாட்ஸ்அப்பில் நூறு 'காலை வணக்கம்' படங்களுக்கு நடுவில் தேடச் சொல்லக் கூடாது. யூடியூப் சேனலின் முகவரிக்குப் பின்னால் 'லைவ்' என்று சேர்த்தால், அந்த நேரத்தில் ஓடும் நேரலை அதுவாகத் திறக்கும், முகவரி மாறாது. அதை பிரவுசரில் திறந்து, முகப்புத் திரையில் சேர்க்கும் வசதி மூலம் ஒரு சின்னப் படமாக வைத்துவிடலாம். அதற்கு 'கோவில்' என்று பெயர் வைத்துவிட்டோம். "டீச்சர், கோவிலைத் தொடுங்க" என்றால் போதும்.

மூன்றாவது: அவர்கள் 'தெரியவில்லை' என்று சொல்கிறபோது பல நேரம் குறை அவர்களிடம் இல்லை. "தொட்டாக்கூட வரமாட்டேங்குது தம்பி" என்று ஒரு பெரியம்மா சொன்னார்கள். உண்மைதான். இந்தத் திரை விரலின் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை. விரல் ஒரு மின்தேக்கியின் தகடு மாதிரி இருந்து மின்புலத்தை மாற்றுவதால் வேலை செய்கிறது. வயதாகி உலர்ந்து, பீடி சுற்றியும் ஓலை முடைந்தும் காய்ப்பு ஏறிய விரல் நுனியைத் திரைக்குச் சரியாகத் தெரிவதில்லை. விரலை லேசாக ஈரத்துணியில் ஒற்றிவிட்டுத் தொடச் சொன்னேன். உடனே வந்தது. அந்த அம்மா இரண்டு வருஷமாகத் தனக்கு அறிவு போதாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்!

அதேபோல் சத்தம். 'ரிங்' சத்தம் வேறு, 'மீடியா' சத்தம் வேறு என்று போனைச் செய்தவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். மணி கணீரென்று அடிக்கும், ஆராதனை மட்டும் ஊமையாக ஓடும். வீடியோ ஓடும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். இன்னொன்று, தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐயர் ஆசீர்வாதம் கூறி 'ஆமென்' சொல்லி முடித்த கையோடு, திரையில் கதாநாயகி வந்து ஆட ஆரம்பித்துவிடுவாள். நடக்க முடியாத தாத்தாவுக்கு அதை நிறுத்தவும் தெரியாது, பார்க்கவும் சங்கடம். வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்!

நான்காவது: காகிதம். நாலே வரி, பெரிய எழுத்து, கூடவே படம், ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். கட்டில் பக்கத்துச் சுவரில் காலண்டர் ஆணியில் தொங்கட்டும். எல்லா உதவியும் போனுக்குள்ளேயே இருக்கிறது என்கிறோம். போனே திறக்காதவருக்கு அந்த உதவியால் என்ன பயன்?

காசும் ரகசியமும்

இனி சொல்லப் போவதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆராதனை போனுக்கு வந்தால் பின்னாலேயே காணிக்கையும் வரும். காணிக்கை வந்தால் கள்ளனும் வருவான். ஐயர் படத்தைப் போட்டுப் புது நம்பரிலிருந்து "அவசரமாகப் பணம் வேண்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று செய்தி வரும். நம் பெரியவர்கள் ஐயர் கேட்டார் என்றால் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் சபையில் ஐயரே பிரசங்க பீடத்திலிருந்து மாதம் ஒருமுறை சொல்லுகிறார்: "நான் ஒருபோதும் போனில் பணம் கேட்கமாட்டேன். கேட்டால் அது நான் இல்லை."

நாங்கள் சொல்லிக் கொடுக்கிற வாசகங்கள் மூன்றுதான். பணம் *வாங்குவதற்கு* ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. போடச் சொன்னால் அவன் திருடன். போனுக்கு வரும் ஓ.டி.பி.யை, சொந்த மகனே கேட்கிறான் என்றாலும், சொல்லாதே. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய். இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். போன பணம் கை மாறுவதற்கு முன் தடுக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைத்தான் பெரியவர்கள் "பிள்ளைகள் ஏசுவார்களே" என்ற பயத்தில் தொலைக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஏசாதீர்கள். உங்கள் கோபம் திருடனுக்குத்தான் உதவும்.

உதவப் போகிற இளைஞர்களுக்கும் விதி உண்டு. தனியாகப் போகாதே, இரண்டு பேராகப் போ. ரகசிய எண் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள். "நீயே போட்டுரு தம்பி" என்று எண்ணைச் சொன்னாலும் போடாதே. நீ நல்லவன்தான், நாளைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் உன் பேர்தான் வரும்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் நேரலையைப் பார்ப்பதால் அங்கிருந்தும் காணிக்கை அனுப்பக் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வேறு. பின்னது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கு அனுமதி பெற்ற கணக்கில் மட்டுமே வாங்கலாம். பாசத்தோடு அனுப்பினாலும் சட்டம் சட்டம்தான். பொருளாளர்கள் கவனிக்க.

அடுத்து ரகசியம். எங்கள் ஆராதனையில் நோயாளிகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது வழக்கம். நாலு சுவருக்குள் "இன்னாருக்கு இன்ன ஆபரேஷன்" என்று சொல்வது அன்பு. அதையே யூடியூபில் சொன்னால் அது உலகத்துக்கு அறிவிப்பு. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் நோயை ஊருக்கு அறிவிக்க நமக்கு என்ன உரிமை? இப்போது அந்த நேரத்தில் ஒலியை நிறுத்திவிட்டு ஆலயத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் காட்டுகிறோம். பட்டியலில் வராத வீடியோ என்று யூடியூபில் ஒரு வகை உண்டு. அதுவும் ரகசியம் ஆகாது. லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். அழுகிற முகத்தையும் சின்னப் பிள்ளைகளின் முகத்தையும் கேமரா அருகில் போய்க் காட்டக் கூடாது என்பதும் எங்கள் விதி.

கோவில் திறந்த பிறகு

இனிதான் உண்மையான சண்டையைச் சொல்லப் போகிறேன். கோவில் திறந்தது. கூட்டம் மெல்ல மெல்லத் திரும்பியது. சபைக் கமிட்டியில் கேள்வி எழுந்தது: "இனி எதுக்கு நேரலை? கால் நல்லா இருக்கிறவன்கூடக் கட்டில்ல படுத்துக்கிட்டு, காப்பி குடிச்சிக்கிட்டுப் பாக்கான். நிறுத்துங்க."

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சபை என்றால் கூடுவது. கூடாத சபைக்குச் சபை என்று பெயரில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் இருமல், புதுச் சட்டைக் குழந்தையின் ஓட்டம், ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் "மக கல்யாணம் என்னாச்சு?" என்று கேட்பது, இவையெல்லாம் யூடியூபில் வராது. திருவிருந்தைத் திரை வழியாகக் கொடுக்கவும் முடியாது. அது பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் ஐயர்மார்களும் பேராயர்களும், நான் இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஊரடங்குக்கு முன்னாலேயே கோவிலுக்கு வர முடியாமல் வருஷக்கணக்கில் வீட்டில் கிடந்தவர்கள் இருந்தார்கள். பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், அவர்களைப் பார்த்துக்கொள்வதால் தானும் வெளியே வர முடியாத மருமகள். இவர்களுக்கு ஊரடங்கு 2020-இல் தொடங்கவில்லை, 2020-இல் முடியவும் இல்லை. நமக்கு ஐந்து மாதம் பூட்டியிருந்த கதவு அவர்களுக்கு எப்போதுமே பூட்டித்தான் இருக்கிறது. நமக்குத் தேவைப்பட்டபோது ஒரு ஜன்னலைத் திறந்தோம். நமக்கு வேலை முடிந்ததும் அதை மூடிவிடலாமா? இதைத்தான் கமிட்டியில் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு வீட்டுக்குப் போன் சரிசெய்யப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுந்து நடமாட முடியாதவர். "டீச்சர், படம் தெளிவா வருதா? சத்தம் கேட்குதா?" என்றேன். "எல்லாம் நல்லா வருது தம்பி. ஆனா ஒண்ணு. நான் எல்லாரையும் பாக்கேன், என்னைய ஒருத்தரும் பாக்கலியே" என்றார்கள்.

நண்பர்களே, தகவல் தொடர்பு பற்றி நான்கு வருஷம் படித்தேன். அனுப்பும் முனை, பெறும் முனை, இடையில் வழித்தடம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருவழித் தொடர்பு என்றால் என்ன என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் ஆராதனையைத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். அந்த வீட்டைக் கோவிலுக்குக் கொண்டுவரவில்லை.

கமிட்டி கடைசியில் நேரலையைத் தொடர ஒத்துக்கொண்டது, மூன்று ஏற்பாடுகளோடு. ஒன்று, ஆராதனை முடிந்தவுடன் பதினைந்து நிமிஷம் வாட்ஸ்அப் குழு அழைப்பு. கோவில் முற்றத்தில் நிற்பவர்கள் போனைக் கை மாற்றிக் கை மாற்றி வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவார்கள். 2020-இல் எட்டுப் பேர்தான் அந்த அழைப்பில் இருக்க முடிந்தது. இன்று 32 பேர் வரை இருக்கலாம். இதற்கு 'முற்றம்' என்றே பெயர். இரண்டு, வேதபாடம் வாசிக்கும் முறை வீட்டில் இருப்பவர்களுக்கும் உண்டு. சனிக்கிழமை அவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்து ஞாயிறன்று கோவிலில் போடுகிறோம். தன் குரல் கோவிலில் ஒலிப்பதைத் தன் கட்டிலிலிருந்தே கேட்பது என்றால் சும்மாவா? மூன்று, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரையில் காட்டுகிற எண்ணிக்கையை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு போனை ஆறு பேர் பார்ப்பார்கள். போனைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்குகிறவரும் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு நோட்டு. இரண்டு வாரம் முற்றத்துக்கு வராதவர் வீட்டுக்கு மூன்றாம் வாரம் இரண்டு பேர் நேரில் போக வேண்டும்.

அந்த ஆசிரியையின் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்: நேரலை என்பது நேரில் போகாமல் இருப்பதற்குச் சாக்கு அல்ல, யார் வீட்டுக்கு நேரில் போக வேண்டும் என்று காட்டுகிற பட்டியல். அப்படிப் போகிறவர்கள் சில வீட்டில் ஆராதனையோடு வேறு வேலையும் செய்துவிட்டு வருகிறார்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு உயிர்ச்சான்றைப் போனிலேயே முகத்தைக் காட்டி அனுப்பும் வசதி வந்துவிட்டது. அதைச் செய்து கொடுக்கிறார்கள். வெயிலில் ஆட்டோ பிடித்துக் கருவூல வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பழைய மாணவர்களுக்கு முதலில். உங்கள் வீட்டு மேசை அறையில் நல்ல நிலையில் ஒரு பழைய போன் தூங்கிக்கொண்டிருக்கும். அதை முழுவதும் அழித்துவிட்டு, சார்ஜரோடு ஒரு பெரியவருக்குக் கொடுங்கள். ஆனால் மிகப் பழையதைத் தள்ளிவிடாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ்ப்பட்ட போனில் வாட்ஸ்அப் வேலை செய்வதில்லை. ஓடாத போனைத் தானம் செய்வது தானம் ஆகாது, குப்பையை இடம் மாற்றுவது.

மாணவர்களுக்கு: உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குப் பெரிய பெரிய தலைப்புகளைத் தேடுகிறீர்கள். ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் பாருங்கள். உலகத்தின் பெரிய கம்பெனிகள் செய்த தப்புகள் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்றைத் திருத்தினால் அதுவே நல்ல ப்ராஜெக்ட். கோவிலோ, பள்ளிவாசலோ, அம்மன் கொடையோ, எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு எது முக்கியமோ அதிலிருந்து தொடங்குங்கள். பேங்க் வேலைக்காகப் போன் கற்றுக்கொள்ளாத தாத்தா, திருவிழா பார்ப்பதற்காகக் கற்றுக்கொள்வார்.

நாம் எல்லோரும் ஒருநாள் கட்டில் பக்கத்தில் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டியவர்கள்தான். அன்றைக்கு என்ன கருவி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்கப் பொறுமையுள்ள ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும் என்று மட்டும் தெரியும். அந்தப் பழக்கத்தை இப்போதே ஊரில் விதைத்து வைப்போம்.